மடவை மீனுக்குப் பத்தியம்

சாகக் கிடக்கிறவனுக்கு வைத்தியம் சொல்ல ராயபுரத்தில் ஆள் பஞ்சமே கிடையாது. என் புருஷன் படுக்கையில் விழுந்த பிறகுதான், எங்கள் சந்தில் இத்தனை வைத்தியர்கள் குடியிருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது. மண்ணெண்ணெய் வண்டிக்காரன் ஆடாதோடை இலை என்றான். இட்லி சுட்டு விற்கிறவள் கழுதைப்பால் என்றாள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தினம் ஒரு பச்சை முட்டையை வாயில் உடைத்து ஊற்றினால் நுரையீரல் புதிதாக முளைக்கும் என்றார். வெட்டிவிட்ட முருங்கைமரமா அது, முளைப்பதற்கு என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என் தலையைக் கண்டாலே அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். ஒன்று சொல்லவேண்டும், யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு பன்ரொட்டி கொண்டுவந்தார்கள். நோயாளி என்றால் பன்ரொட்டி தின்னப் பிறந்தவன் என்று இந்த ஊரில் யார் சட்டம் போட்டார்களோ, எங்கள் வீட்டு எறும்புகள் அந்த வருஷம் கொழுத்துப் போயின.

இது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. அவர் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டினார். கப்பல் மேல்தளத்தில் நின்று கரியையும் கோதுமை மூட்டையையும் தூக்கி இறக்குகிற யந்திரம் அது. அந்த இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகியவர், வீட்டில் உப்பு கேட்டாலும் நங்கூரம் போட்ட கப்பலுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். பீடி வாயை விட்டு இறங்காது. கப்பல்காரன் யாராவது சிகரெட் கொடுத்தால் அன்றைக்கு மட்டும் பீடிக்கு லீவு. யுத்தத்தின்போது குண்டு விழும் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, அப்போது ஓடாமல் நின்று வேலை பார்த்தவர். அந்தப் பெருமையை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவார்.

எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். பெற்றவள் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அந்த உரிமையில் என் அடுப்புக்கும் அவள்தான் அதிகாரி. நானோ முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவள், எண்ணூர்க் கழிமுகத்தில் கால் நனைத்து வளர்ந்தவள், மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். என் நாத்தனாருக்கு என் படிப்பும் பிடிக்காது, பிறந்த வீடும் பிடிக்காது. "மீனு கவுச்சி இன்னும் போவல இவளுக்கு" என்று மூக்கைப் பிடித்துக் காட்டுவாள். என் அண்ணன் கழிமுகத்திலிருந்து மடவை மீன் கொண்டுவந்து போடுகிற நாளில் மட்டும் அந்த மூக்கு அடைத்துக்கொள்ளும். மாங்காய் போட்டு நான் வைக்கிற மடவைக் குழம்பில் தலைத்துண்டு அவளுக்குத்தான் வரவேண்டும். என் புருஷனுக்கு அந்தக் குழம்பு என்றால் உயிர். மறுநாள் பழையசோற்றுக்கும் அதையே ஊற்றிக்கொண்டு, சட்டியை வழித்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

இருமல் ஆரம்பித்ததும் முதலில் போனது தெருமுனை கம்பவுண்டரிடம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவன் முக்கால் வைத்தியனாகும் உத்தேசத்தில் இருந்தான். நெஞ்சில் குழாயை வைத்தும் வைக்காமலும் "டிபி" என்றான். தினம் ஒரு ஊசி இடுப்பில், கை நிறைய மாத்திரை வாயில். ஊசி போட்ட இடம் கல்லாக வீங்கி, ஒருக்களித்துத்தான் படுக்க முடிந்தது. அதோடு போயிற்றா? காது இரைய ஆரம்பித்தது.

"காதுக்குள்ள விஞ்சு ஓடிகினே கீதுமே" என்றார் என்னிடம். "நிறுத்தவே மாட்டேங்கறான் பேமானி."

கம்பவுண்டரிடம் போய்ச் சொன்னேன். "மருந்து வேலை செய்யுதும்மா. அதான் சத்தம் கேக்குது" என்றான். அவன் அப்பன் வீட்டு ஆலை, சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தமாம். நாத்தனார் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். ஊசி போடப் போட அவர் மெலிந்தார். ஒரு நாள் காலையில் எழுந்தபோது முகமும் கழுத்தும் ஊதிக்கிடந்தன, கண் திறக்க முடியவில்லை. இருமலில் ரத்தம் வந்தது. நான் யாரிடமும் கேட்காமல் ரிக்ஷா பிடித்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நாத்தனார் திட்டிக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அங்கே படம் எடுத்தார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு சின்ன வயது டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். டிபி இல்லை. நெஞ்சுக்குள் கட்டி, புற்று. முற்றிவிட்டது, வெட்டி எடுக்க முடியாது. நரம்பில் போடுகிற புது மருந்து ஒன்று இருக்கிறது, அது கொஞ்ச நாளைக்கு மூச்சைச் சுலபமாக்கும், நோயைத் தீர்க்காது. நல்ல பிள்ளை அவர். எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் அப்படிச் செய்தவர் அவர் ஒருத்தர்தான்.

திரும்பி வார்டுக்குள் நுழைவதற்குள் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கதை கட்டிவிட்டாள். "சளிக்கட்டிடா நைனா. கரைக்கறதுக்கு ஊசி போடறாங்களாம்" என்றாள்.

எனக்கு வயிறெரிந்தது. நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது. அவர் விஞ்சு ஓட்டியவர், தலைக்கு மேல் பாரம் தொங்கும்போது நிமிர்ந்து பார்த்தே பழகியவர். அவருக்கு என்ன வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டாமா? வராந்தாவில் அவளிடம் சண்டை போட்டேன். பொய் என் வாயில் வராது, அவர் கேட்டால் நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்றேன். "சொல்லு. சொல்லி சாவடி" என்றாள். நான் தயாராகத்தான் இருந்தேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்குப் போய் இவ்வளவு தைரியசாலி என்று பேர் வாங்கினாரே என்று அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அந்தப் புது மருந்தைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் கையில் நரம்பைத் தட்டித் தட்டி எழுப்பி ஏற்றுவார்கள். ஏற்றும்போதே உள்ளே தகரம் கசிகிற மாதிரி வாயெல்லாம் ஒரு ருசி வரும் என்பார். சாப்பிட்ட கஞ்சி போகும், பிறகு பச்சையாகப் பித்தநீர் போகும், பிறகு வாந்தியெடுக்க ஒன்றும் இல்லாமல் குடல் மட்டும் மேலே வந்து எட்டிப் பார்க்கும். நான் பீங்கான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஊசி ஏறின நரம்பு கறுத்து, தொட்டால் கயிறு மாதிரி தட்டுப்பட்டது. பீடி வாசனையே ஆகாமல் போயிற்று; பக்கத்தில் யாராவது குடித்துவிட்டு வந்து நின்றால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் பேச்சுக்கும் அக்கா பேச்சுக்கும் விடாத பீடியை அந்த மருந்து ஒரே ஊசியில் விடவைத்தது.

யுத்தத்தில் போட்ட விஷப்புகையிலிருந்துதான் அந்த மருந்தைச் செய்தார்கள் என்று வார்டில் ஒரு பேச்சு. அது உண்மைதான் என்று டாக்டரும் சொன்னார். என் புருஷன் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"சண்டைல குண்டு நம்ம தலைல வுழலன்னு பீத்திகினு இருந்தேன்ல? பத்தரமா எடுத்து வெச்சிருந்து இப்ப கைல ஏத்தறானுங்க" என்றார்.

ஆனால் முகத்து வீக்கம் வடிந்தது, அதையும் சொல்லவேண்டும். மூச்சுத்திணறல் குறைந்தது. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கியவர் ஒன்றை எடுத்துப் போட்டார். சட்டைக் காலரில் பொத்தான் போட முடிந்தது. நாத்தனார் உடனே மார்தட்டிக்கொண்டாள். மருந்து வேலை செய்ததாம், அவள் பத்தியம் காத்ததனால்.

பத்தியம்! நாட்டு மருந்துக்குப் பத்தியம் உண்டு, எல்லோருக்கும் தெரியும். நரம்பில் போடுகிற இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியம் கண்டுபிடித்தவள் என் நாத்தனார் ஒருத்திதான். இங்கிலீஷ் மருந்து சூடு, மீனும் சூடு, இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கக்கும் என்றாள். கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, தாளிதம் கூடாது, புளி கூடாது. மிச்சம் என்ன? அரிசிக்கஞ்சி, சுட்ட அப்பளம், அப்புறம் ஊரார் கொண்டுவந்த பன்ரொட்டி. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்னவன் இவளிடம் ஒரு வேளை சாப்பிட்டிருக்கவேண்டும். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்றால், "அவனுக்கு இன்னா தெரியும், பொடிப்பய" என்பாள். மருந்து கொடுக்கிறவனுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்துவிட்டது. வார்டில் மற்ற படுக்கைக்காரர்களின் பெண்டு பிள்ளைகள்கூட இவளிடம் பத்தியம் கேட்டுக்கொண்டு போனார்கள். பாவம், எத்தனை பேர் இவளால் அப்பளத்தோடு செத்தார்களோ.

பக்கத்துப் படுக்கையில் ஒரு கிழவர் இருந்தார். பெரம்பூரில் ரயில்பெட்டிப் பட்டறையில் கொல்லன் வேலை செய்தவர். அவருக்கும் இதே நோய், இதே ஊசி. இரண்டு பேரும் நன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். யார் எத்தனை தடவை வாந்தி எடுத்தார்கள் என்று பந்தயம் வைக்கிற அளவுக்கு. ஒரு நாள் மத்தியானம் கிழவரின் மகன்கள் பெரிய தூக்கில் பிரியாணி கொண்டுவந்தார்கள். அதுவரை கஞ்சியைத் தவிர வேறு கொடுக்காத பிள்ளைகள். கிழவர் நாலு வாய் தின்றார். மகன்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாரம் தாண்டவில்லை, படுக்கை காலியாகிவிட்டது. வார்டு கூட்டுகிறவன் மெத்தையைத் திருப்பிப் போட்டான்.

என் புருஷன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பிரியாணி வந்துச்சின்னா ஆளு காலிமே" என்றார். "டாக்டரு கையை விரிச்சிட்டு, இஷ்டப்பட்டத துன்ன குடுன்னு சொல்டாருன்னு அர்த்தம். இங்க அல்லாருக்கும் தெரியும்." நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் இப்படி ஆயிரம் பேச்சு நடக்கும், எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொள்ள முடியுமா?

கொஞ்ச நாளில் வீக்கம் திரும்பி வந்தது. ஊசி போட்டும் வடியவில்லை. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர் எங்களை மறுபடியும் வராந்தாவுக்கு அழைத்தார். எனக்கு அந்த வராந்தாவைக் கண்டாலே ஆகாமல் போயிற்று.

"இனிமேல் ஊசி வேண்டாம்மா. உடம்பு தாங்காது. வலிக்கும் இருமலுக்கும் ஒரு மிக்ஸ்சர் எழுதித் தர்றேன், தூங்க வைக்கும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அவர் என்ன ஆசைப்படறாரோ அதைக் கொடுங்க" என்றார்.

நாத்தனார் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது முடிக்கட்டும் என்று நான் நின்றேன். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, எழுந்து உள்ளே போய் அவரிடம் சொன்னாள்: "கட்டி கரைஞ்சி போச்சிடா. இன்னும் கொஞ்ச நாளு பத்தியம் மட்டும் கெட்டியா இருக்கணுமாம். அப்பால எது வேணா துன்னலாமாம்." அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சர்தான்" என்றார்.

மிக்ஸ்சர் வாங்குவதற்குப் பாட்டிலை நாமே கழுவிக் கொண்டுபோகவேண்டும். மருந்து கொடுக்கிற ஜன்னலில் கியூ வளைந்து நிற்கும், ஆளுக்கொரு பாட்டிலோடு. உன்னது சிவப்பா, என்னது மஞ்சளா என்று ஒருத்தர் பாட்டிலை ஒருத்தர் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பு மருந்து வந்தவனுக்கு ஒரு கௌரவம். எங்களுக்கு வந்தது பழுப்பு. பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று பல் பல்லாக வெட்டின காகிதம் ஒட்டியிருக்கும். குடித்தால் நாக்கு மரத்துப்போகிற கசப்பு. அபின் கலந்தது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அதைக் குடித்தால் வலி எங்கேயோ பக்கத்து வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்பார் என் புருஷன். வயிறு மட்டும் கல்லாக இறுகிவிடும், நாள் கணக்கில் வெளியே போகாது. அதற்கு வேறு நாத்தனார் வெந்நீர், விளக்கெண்ணெய் என்று ஒரு தனி வைத்தியம் நடத்தினாள். நோய்க்கும் பார் பேய்க்கும் பார் என்று மாதா கோயில் எண்ணெய், அம்மன் கோயில் சாம்பல், தர்காவில் மந்திரித்த கயிறு எல்லாம் வீட்டில் சேர்ந்தன. மூன்று சாமிகளும் அந்தச் சின்ன அறையில் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒன்றைத்தான் கேட்டார். காலையில் கண் விழித்ததும், பல் விளக்குவதற்கு முன்னால்:

"இன்னாமே, இன்னிக்கு மீனு உண்டா?"

"இல்ல. பத்தியம்."

"சர்தான்."

உடனே கையை நீட்டி மிக்ஸ்சரை வாங்கிக் குடித்துவிடுவார், ஒரு முகச்சுளிப்பு இல்லாமல். பிறகு கொஞ்ச நேரம் உற்சாகமாகப் பேசுவார், துறைமுகத்தில் எந்தக் கப்பல் வந்திருக்கும், தன் விஞ்சை இப்போது எந்த முட்டாள் ஓட்டுகிறான் என்றெல்லாம். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே சர்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேஸ்திரி ஒரு வார்த்தை அதிகமாகச் சொன்னால் சட்டையைப் பிடிக்கிற மனுஷன், அக்காவின் பத்தியத்துக்கு மட்டும் பூனைக்குட்டி மாதிரி அடங்கிப்போகிறாரே என்று இருக்கும். மீன் இல்லை என்றால் கத்தக்கூடாதா, தட்டை விசிறி எறியக்கூடாதா? சாகப்போகிறவனுக்கு ஒரு துண்டு மீன் கொடுக்காமல் சுட்ட அப்பளத்தைக் கொடுத்து அனுப்புகிற குடும்பம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவரிடம் மீன் இல்லை என்று சொல்கிற வேலை வேறு எனக்கு. பொய் வராது என்று சவால் விட்ட வாய், தினம் காலையில் பத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது என் பொய் இல்லை, நாத்தனாருடைய பொய், நான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் கஞ்சி இறங்காமல் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு எழுந்து வந்தவள், அடுப்படியில் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டரு சொன்னது உங்க காதுல வுழலயா அண்ணி? ஆசைப்பட்டத குடுன்னாரு. அந்தாளு ராஜ்ஜியமா கேக்கறாரு? ஒரு துண்டு மீனு!"

"குடுத்தா சூடு ஏறி..."

"ஏறட்டும்! ஏறி இன்னா ஆவப்போவுது? சாவறவருக்கு இன்னும் இன்னா பத்தியம்? நாளைக்கு நான் மடவை கொழம்பு வெக்கறேன். யாரு தடுக்கறாங்கன்னு பாக்கறேன்."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் நான் ஜெயித்த முதல் சண்டை அது. எனக்கு உள்ளூர சந்தோஷம்கூட இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

காலை ரயிலில் எண்ணூருக்குப் போய், அண்ணனிடம் சொல்லி, கழிமுகத்தில் அப்போதுதான் வலையிலிருந்து எடுத்த மடவை வாங்கிவந்தேன். செவுள் ரத்தச்சிவப்பாக இருந்தது. மாங்காய் நறுக்கி, மசாலா அரைத்து, எங்கள் அம்மா வைக்கிற மாதிரியே மண்சட்டியில் வைத்தேன். கொதி வந்ததும் வாசனை சந்து முழுக்கப் போயிற்று. இட்லிக்காரி எட்டிப் பார்த்து, "பத்தியம் முடிஞ்சிச்சா?" என்றாள். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு, அவருடைய தட்டைக் கழுவி, சோறு போட்டு, நடுத்துண்டு இரண்டு வைத்து, குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போகிற மாதிரிதான் போனேன்.

அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசனை ஏற்கெனவே வந்திருக்கும். தட்டைப் பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போயிற்று. அந்தக் கறுத்த நரம்பு ஓடுகிற கை போர்வையை இறுக்கிப் பிடித்தது.

"இன்னாமே இது?" என்றார். அவருடைய குரலே இல்லை அது. பிறகு, அத்தனை நாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "டாக்டரு எதனா சொன்னாரா?"

பெரம்பூர்க் கிழவரின் பிரியாணித் தூக்கு என் கண் முன்னால் வந்து நின்றது. படுபாவி நான், எட்டாவது படித்தவள், எல்லோரையும் முட்டாள் என்று திட்டினவள், அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கிற்று. அவர் மீனுக்காகக் கேட்கவே இல்லை. தினம் காலையில் அவர் என்னிடம் கேட்டது, இன்றைக்கும் உயிரோடு இருப்பேனா என்று. இல்லை, பத்தியம் என்று நான் சொல்லும்போதெல்லாம், இருப்பாய் என்று சொல்லியிருக்கிறேன். பத்தியம் இருக்கிறவனுக்குத்தான் குணமாகும் நாள் என்று ஒன்று உண்டு. அதைக் கேட்ட தெம்பில்தான் அந்தக் கசப்பைக் குடித்துவிட்டு விஞ்சைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொல்வதற்கு நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது.

"டாக்டரு இன்னா சொல்லுவாரு?" என்று அதட்டினேன். "உனக்குன்னு யாருயா சொன்னது? நாக்க தொங்கப்போட்டுகினு பாக்காத. உங்க அக்காவுக்கு நாக்கு செத்துப்போச்சாம். கஞ்சி வாசனைல உசுரு போவுதாம். நீ பத்தியம் இருந்தா வூடே பத்தியம் இருக்கணுமான்னு ஒரே பேஜாரு. அவங்களுக்கு வெச்சது. இங்க குந்திகினு துன்னாதான் உனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்னு எடுத்தாந்தேன்."

சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வாசற்படியில் நாத்தனார் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள். நேராக உள்ளே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தலைத்துண்டு எங்கமே?" என்றாள். "எனக்கு தலைத்துண்டுதான்னு தெரியாதா உனக்கு? நடுத்துண்ட போட்டு ஏமாத்தறியா?"

சட்டியைக் கொண்டுவந்து தலைத்துண்டைப் போட்டேன். அவள் முள்ளை எடுத்து எடுத்து, உறிஞ்சி உறிஞ்சித் தின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தபோது காரம் அதிகம் என்று என்னைத் திட்டினாள். உப்பு கரிக்கிறது, மாங்காய் வேகவில்லை, முகத்துவாரத்துக்காரிக்கு மீன் ஆக்கக்கூடத் தெரியவில்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். நானும் எதிரே உட்கார்ந்து, வக்கணையாகத் தின்னத் தெரிகிறதே அது போதாதா என்று ஏசிக்கொண்டே இரண்டு வாய் தின்றேன். அவர் போர்வையை விட்டார். முகத்தில் ரத்தம் திரும்பிற்று.

"கஸ்மாலங்களா, நோயாளிய வெச்சிகினு இன்னா துன்னி துன்றீங்க" என்று சிரித்தார். இருமல் வந்தது, அது அடங்கட்டும் என்று காத்திருந்தார். "எனக்கு எப்போமே?"

"பத்தியம் முடிஞ்சதும்."

"சர்தான்" என்று மிக்ஸ்சருக்குக் கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை. அவர் கேட்பதை நிறுத்தவும் இல்லை. பாட்டிலில் காகிதப் பல்லுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டி நாத்தனார் மருந்தை ஊற்றுவாள், நான் பத்தியம் என்று சொல்லுவேன். முன்னே மாதிரி அது அவளுடைய பொய் என்று நினைத்துக்கொள்ளவில்லை. குரல் போய் உதடு மட்டும் அசைகிற நாளிலும் கேட்டார். நானும் சொன்னேன். அவர் போனது ஒரு காலை வேளையில், அன்றைக்கும் கேட்ட பிறகுதான்.

கருமாதிக்கு முந்தின நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் படைப்பது எங்கள் வழக்கம். மாங்காய் போட்ட மடவைக் குழம்பு வைத்தேன். நாத்தனார்தான் இலை போட்டாள். நடுத்துண்டு, வால்துண்டு, தலைத்துண்டு எல்லாவற்றையும் அவரிடமே வைத்தாள். பன்ரொட்டி கொண்டுவந்த கூட்டமெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. இட்லிக்காரி பக்கத்திலிருந்தவளிடம், எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள்:

"மீனு மீனுன்னு கேட்டுகினே போய்ட்டான் மனுசன். உசுரோட கீறப்ப ஒரு துண்டு குடுக்காத மவராசிங்க, இப்ப எல நெறைய எதுக்கு வெச்சிகீறாங்க?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நாத்தனார் திரும்பினாள். என்னைச் சேர்த்துக்கொண்டு அவள் மற்றவர்களிடம் பேசினது அதுதான் முதல் தடவை.

"எதுக்கா? பத்தியம் முடிஞ்சிடுச்சிமே, அதான் வெச்சிகீறோம்" என்றாள்.